குடுவைக்கொடி தன் பாத்திரத்துக்கு மூடி போட்ட கதை

மனிதர் பேசுவது செடிக்கும் செடி பேசுவது மனிதருக்கும் விளங்கிய அந்தக் காலத்தில், மலையடிவாரத்தில் காராயி என்று ஒருத்தி இருந்தாள். செடி வளர்ப்பதில் அவளுக்கு அப்படியொரு பைத்தியம். இன்றைக்குப் பசுமைக்குடில் என்கிறோமே, அது போல ஒன்றை அவள் அப்போதே கட்டி வைத்திருந்தாள். மூங்கிலால் சட்டம் கட்டி, பாறை இடுக்கில் கிடைக்கும், கண்ணாடி போன்ற காக்காப்பொன் தகடுகளை அதன்மேல் ஓடு வேய்வது போல அடுக்கியிருந்தாள். வெளிச்சம் உள்ளே வரும், ஈரம் வெளியே போகாது. காலையில் தரையெல்லாம் தண்ணீர் தெளித்துவிட்டால், பொழுது சாயும்வரை குடிலுக்குள் மேகம் இறங்கியது போல இருக்கும்.

அந்தக் காலத்துச் செடிகளுக்கு ஒரு வரம் உண்டு. ஒவ்வொரு செடியும் வாழ்நாளில் ஒரே ஒரு முறை, தான் விரும்பியபடி தன்னை மாற்றிக்கொள்ளலாம். மாற்றியது மாற்றியதுதான், திரும்பி வர முடியாது. வாழை அந்த வரத்தைக் கொடுத்துத்தான் தார் போட்டது. கள்ளி தன் இலையை முள்ளாக்கிக்கொண்டது. மலை உச்சியில் படர்ந்திருந்த ஒரு கொடி மட்டும் வரத்தைச் செலவழிக்காமல் வைத்திருந்தாள். அவளுடைய பூ சின்னது, பழுப்பு நிறம், முகர்ந்து பார்த்தால் முகம் சுளிக்கத் தோன்றும். மல்லிகைக்கு இருப்பது போலத் தனக்கும் ஒரு வாசம் வேண்டும் என்பது அவள் ஆசை.

மலை உச்சியில் மண் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, வெள்ளை மணலும் பாசியும்தான். இருந்த சத்தையெல்லாம் மழை அடித்துக்கொண்டு போயிருந்தது. கொடிக்கு அது போதும். மழை குடித்தாள், பனியில் நனைந்தாள், வருகிற எறும்புக்கும் வண்டுக்கும் இலை நுனியில் துளித் தேன் வைத்து உபசரித்தாள். காராயி ஒரு நாள் சுள்ளி பொறுக்க மலையேறியபோது அவளைப் பார்த்து மயங்கிப் போனாள். கொடியையும் அதன் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த சின்னக் கன்றையும் பாசியோடு பெயர்த்து, கூடையில் வைத்துக் கொண்டுவந்து குடிலில் நட்டாள்.

குடிலுக்குள் வாழைதான் பெரியவள். மற்றச் செடிகளெல்லாம் அவளை அத்தை என்றே கூப்பிடும். அவள் ஒரு இலையை இறக்கிக் கொடியைத் தடவிப் பார்த்தாள்.

"வா புள்ள. மலையில பட்டினி கெடந்து எப்படி மெலிஞ்சு போயிருக்க பாரு. எங்கிட்ட வந்துட்டல்ல, ஒரே மாசத்துல தேத்தி விட்டுடறேன்."

"நான் நல்லாத்தான் இருக்கேன் அத்தை. எனக்கு உடம்பே இவ்வளவுதான்."

"கேட்டியாடி பூசணி, நல்லாத்தான் இருக்காளாம்." வாழை சிரித்தாள். பக்கத்திலிருந்த பூசணியும் வயிறு குலுங்கச் சிரித்தது.

காராயி நல்லவள். கொடி கேட்டுக்கொண்டபடி அவளுக்கென்று ஒரு தாழியில் மழைநீர் பிடித்து வைத்திருந்தாள். மற்றவர்களுக்குக் கிணற்றுத் தண்ணீர். மலையடிவாரத்துக் கிணறுகளுக்கே உரிய உப்பு அதில் லேசாகக் கரிக்கும். வாழைக்கும் பூசணிக்கும் அது ஒரு பொருட்டே இல்லை, ஆனால் தனித் தாழி என்பது அவர்கள் கண்ணை உறுத்தியது.

அந்த உறுத்தலை ஊதிப் பெரிதாக்கியவர், குடிலைச் சுற்றிப் பறந்து திரியும் ஈ, எல்லோருக்கும் ஈயண்ணன். அவருக்கு வேலை என்று எதுவும் கிடையாது. யார் வீட்டு உலையில் என்ன கொதிக்கிறது, யார் பானையில் எவ்வளவு மிச்சம் என்று மூக்கை நுழைத்துப் பார்ப்பதும், பார்த்ததை நாலு இடத்தில் இறக்கி வைப்பதும்தான் பிழைப்பு. எதைச் சொன்னாலும் கையைத் தேய்த்துக்கொண்டு ரொம்பப் பணிவாகச் சொல்வார். கொடி வைத்த தேனை வயிறு முட்டக் குடித்துவிட்டு அவர் நேராக வாழையிடம் போனார்.

"அத்தை, நமக்கெதுக்கு வம்பு. ஆனாலும் மனசு கேக்கல. நீங்க குடிக்கிற தண்ணி அவளுக்கு ஆகாதாம். எருவைக் கண்டா மூக்கப் பொத்திக்கிறா. மேட்டிலேர்ந்து வந்தவளாச்சே."

"திமிரா?" என்றாள் வாழை.

"நான் அப்படிச் சொல்லல," என்று கையைத் தேய்த்தார் ஈயண்ணன்.

அன்றைக்கே வாழை காராயியைக் கூப்பிட்டாள். வந்த பிள்ளை பட்டினியாகக் கிடக்கிறது, குடிலுக்குத்தான் கெட்ட பெயர், சாணம் கரைத்து ஊற்று என்றாள். காராயி தயங்கினாள்.

"அது வேண்டாங்குதே."

"புதுசா வந்ததுங்க அப்படித்தான் கூச்சப்படும். வேண்டாம் வேண்டாம்னாலும் நாமதான் எலையில வைக்கணும். விருந்தாளி சொல்றதக் கேட்டா எந்த விருந்தாளி வயிறு நெறையும்?"

காராயிக்கு அது நியாயமாகப் பட்டது. அவளும் அப்படித்தான். வீட்டுக்கு வந்தவர்கள் கையால் இலையை மறைத்தாலும், அந்தக் கையை விலக்கிவிட்டு இன்னொரு கரண்டி போட்டுத்தான் அவளுக்குப் பழக்கம். சாணத்தைக் கெட்டியாகக் கரைத்து வந்து கொடியின் அடியில் ஊற்றினாள்.

"எனக்கு ஒத்துக்காது தாயி," என்று கொடி கெஞ்சினாள். "மலையில என் வேரு இதெல்லாம் பாத்ததே இல்ல. மழத்தண்ணி மட்டும் குடு, போதும்."

"ரெண்டு நாள்ல பழகிடும்," என்றாள் காராயி, பாசமாக.

பழகவில்லை. எப்படிப் பழகும்? இலை ஓரமெல்லாம் காய்ந்து பழுப்பேறியது. கொடி வாய்விட்டுச் சொன்னாள், அழுது சொன்னாள், எல்லோரையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னாள். கேட்டவர்கள் எல்லோருக்கும் காது இருந்தது. ஒருவருக்காவது அவள் சொல்வதை நம்ப வேண்டும் என்று தோன்றியிருக்கக் கூடாதா? எல்லோரும் அவளைச் சுற்றி நின்று, அவளை வைத்துக்கொண்டே, அவளுக்கு என்ன வேண்டும் என்று தங்களுக்குள் பேசி முடிவு செய்தார்கள்.

"சத்து பத்தல," என்றாள் வாழை.

"ஆமா, சத்துதான் பத்தல," என்றது பூசணி.

எருவை இரண்டு பங்காக்கினார்கள். மழைநீர்த் தாழியை எடுத்துவிட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினார்கள். மண்ணின் மேல் உப்பு வெள்ளையாகப் பூத்தது. அதைப் பார்த்து ஈயண்ணன், ஊற்றுவது உள்ளே இறங்கவில்லை, மேலேயே நிற்கிறது, வேரடியில் குழி தோண்டி ஊற்ற வேண்டும் என்று காராயியின் காதில் போட்டார். காராயியும் தோண்டி ஊற்றினாள்.

அன்று சாயங்காலம் கன்று தன் தாயைக் கூப்பிட்டது. "அம்மா, காலெல்லாம் எரியுது." அதன் இலை நுனி கறுத்துத் தொங்கியது. கொடி தன் வேரை அசைத்துப் பார்த்தாள். பாதிக்கு மேல் வெந்து போயிருந்தது. இனி அந்த வேரால் ஈரம் குடிக்கலாம், நிற்கலாம், சாப்பிட முடியாது. கன்றின் வேரும் அப்படியே ஆகிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு முறை ஊற்றினால் பிள்ளை பிழைக்காது.

கொடிக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அடித்தால் திருப்பி அடிக்கலாம், திட்டினால் திருப்பித் திட்டலாம், சோறு போட்டே கொல்கிறவர்களை என்ன செய்வது? வேண்டாம் என்ற ஒரு வார்த்தைக்கு இந்தக் குடிலில் மதிப்பில்லை என்றால், இனி வாயால் பேசிப் பயனில்லை என்று அவளுக்குப் பட்டது. அவள் வரத்தை எடுத்தாள். பூவுக்கு வைத்திருந்த வரம். ஒரு கணம் அந்த வாசத்தை நினைத்துக்கொண்டாள், பிறகு விட்டுவிட்டாள்.

"என் வேர்ல எனக்குச் சாப்பாடு வேண்டாம். எனக்கும் என் பிள்ளைக்கும் நானே உலை வச்சுக்கறேன்," என்றாள்.

அவளுடைய இலை நுனி ஒவ்வொன்றும் நூல் போல நீண்டது. நூலின் முனை வளைந்து, பருத்து, விரல் நீளத்துக்கு ஒரு குடுவை ஆனது. குடுவைக்குள் தானாகவே நீர் ஊறியது. சாணக் கரைசல் தெறித்து உள்ளே விழாதபடி அதற்கு ஒரு மூடியும் வைத்துக்கொண்டாள். இவ்வளவு நடந்த பிறகும் மலைப் பழக்கம் போகவில்லை பாருங்கள், வருகிறவர்களுக்கென்று மூடியின் அடியில் கொஞ்சம் தேனும் வைத்தாள்.

காலையில் முதலில் பார்த்தவர் ஈயண்ணன்தான். வேறு யார் பார்ப்பார்கள்?

"இதென்ன புள்ள, தனியா சமையலா? உள்ள என்ன?"

"என் சாப்பாடு. விளிம்புல உக்காந்து தேன் குடிச்சுட்டுப் போங்கண்ணே. உள்ள எட்டிப் பாக்காதீங்க, வழுக்கும்."

"மூடி எதுக்கு? மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்லன்னா மூடி எதுக்குங்கறேன்." தேனைக் குடித்து முடித்தவர், கையைத் தேய்த்துக்கொண்டே விளிம்பில் ஒரு காலை உள்ளே வைத்தார். அத்தையிடம் போய்ச் சொல்ல ஏதாவது வேண்டுமே. இன்னொரு காலையும் வைத்தார். வழுக்கிவிட்டது.

"ஏ புள்ள, எலையக் கொஞ்சம் சாய்ச்சு விடு," என்று உள்ளிருந்து சத்தம் வந்தது.

சாய்த்திருக்கலாம். ஒரு சின்ன அசைவுதான். கொடி இலையை அசைக்கப் போனாள். அந்த நேரம் பார்த்துக் காராயி கரைசல் பானையோடு வாசலில் வந்து நின்றாள். கன்று அந்த வாடையிலேயே நடுங்கியது. குழி தோண்டி ஊற்றச் சொன்னவர் யார் என்பது கொடிக்கு ஞாபகம் வந்தது.

"வேண்டாம் வேண்டாம்னு நானும் இப்படித்தாண்ணே கத்துனேன்," என்றாள் கொடி. இலையை அவள் சாய்க்கவில்லை.

சத்தம் நின்றது. சற்று நேரத்தில், வந்த நாளிலிருந்து தெரியாத ஒரு தெம்பு குடுவையிலிருந்து இலைக்கும், இலையிலிருந்து தண்டுக்கும், தண்டிலிருந்து கன்றுக்கும் இறங்கியது. "அம்மா, இப்ப எரியல," என்றது கன்று.

குடிலே கொந்தளித்தது. "கொலகாரி," என்று வாழை கத்தினாள். "சோறு போட்டு வளத்தோம், எங்க ஆளையே முழுங்கிட்டா."

கொடி நிமிர்ந்தாள். "என் வேர வேக வச்சது கொலையில்லையா அத்தை? என் பிள்ளை காலு எரியுதுன்னு கத்துனப்ப நீங்க யாரு வீட்ல இருந்தீங்க? அவரு ஒரு தடவ விழுந்ததுக்கு இத்தன பேரு கூடியிருக்கீங்க. நான் தெனம் செத்தப்ப, சத்து பத்தலன்னு சொல்லிட்டுப் போனீங்க. எட்டிப் பாக்காதீங்கன்னு சொன்னேன். வேண்டாம்னு நான் சொன்னா அது யாருக்கும் பேச்சாவே படலையே, அது ஏன்?"

காராயி பானையைக் கீழே வைத்தாள். கொடியின் அடியில் கையால் மண்ணை விலக்கிப் பார்த்தாள். வேரெல்லாம் கறுத்து, தொட்டதும் நாராகக் கையோடு வந்தது. தன் கையால் ஊற்றியது. அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"சொன்னியே தாயி," என்றாள். "தலைப்பாடா அடிச்சுக்கிட்டுச் சொன்னியே."

வாழை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "நீ சும்மா இரு," என்றாள் காராயி. அந்தக் குடிலில் வாழையை அப்படி யாரும் சொன்னதில்லை.

எரு மண்ணையெல்லாம் அள்ளி வாழையடியிலேயே போட்டாள். கொடியின் வேரையும் கன்றின் வேரையும் மழைநீரில் அலசி, வெள்ளை மணலும் பாசியும் நிரப்பி நட்டாள். தாழியை மறுபடி இருந்த இடத்தில் வைத்தாள். குடுவையைத் தொடவில்லை, மூடியைத் தூக்கிப் பார்க்கவில்லை. கொடியும் சமாதானமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்ல வேண்டிய கட்டாயமும் அவளுக்கு இல்லை. கொஞ்ச நாளில் கன்றின் இலை நுனியிலும் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு குடுவை மூடியோடு வந்தது.

அன்று முதல்தான் குடுவைக்கொடியை வளர்க்கிறவர்கள் அதற்கு மழைநீரைத் தவிர வேறு தண்ணீர் ஊற்றுவதில்லை, வேரடியில் எரு வைப்பதில்லை, சுற்றிலும் ஈரக்காற்று இருக்கும்படி பார்த்துக்கொண்டு குடுவையில் கைவைக்காமல் விட்டுவிடுகிறார்கள். எரு வைத்தவர்களின் செடி கருகிப்போகிறது. பூவுக்கு இன்றும் நல்ல வாசம் இல்லை. வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் பூச்சி தின்னும் பொல்லாத செடி என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள், அதன் வேருக்கு என்ன ஆயிற்று என்று ஒருவரும் கேட்பதில்லை. கொடியும் யாரையும் தேடிப் போய்ப் பிடிப்பதில்லை. விளிம்பில் தேனை வைத்துவிட்டுச் சும்மா இருக்கிறது. அடுத்தவர் பாத்திரத்தை எட்டிப் பார்க்கிறவர்கள் குறையவே இல்லையாதலால், அன்று முதல் இன்றுவரை அது பட்டினி கிடந்ததில்லை.