ஒழித்துத் தந்த இடம்

பூட்டிக் கிடந்த பஞ்சாலைக்குப் பின்னால், கூரை பாதி போன ஒரு கிடங்கில் ஆசான் இருந்தார். அவரிடம் பாடம் கேட்க வந்தவர்களில் முத்திருளன் அவரைவிட வயதில் பெரியவர். ஒரு காலத்தில் ஆலைச் சங்கத்தின் தலைவர். ஆலை மூடியது. சங்கம் கலைந்தது. கூட நின்றவர்கள் ஆளுக்கொரு திசையில் பிழைக்கப் போனார்கள். அவர் மட்டும் போகவில்லை.

ஒருநாள் உச்சிவேளை நெருங்கும்போது அவர் கேட்டார்.

"ஆசானே, எல்லா வழியும் அடைபட்டுப் போனா மனுஷன் எந்தப் பக்கம் போறது?"

"யாருக்கு அடைபட்டுச்சு?"

"என் மகளுக்கு."

இளவஞ்சியைப் புருஷன் மறுபடியும் அடித்திருந்தான். விடிந்ததும் கைக்குழந்தையோடு அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். அழைத்துப் போக மத்தியானம் பஸ்ஸில் வருவதாகப் புருஷன் வீட்டார் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"போக மாட்டேங்கிறா. தையல் தெரியும், ஒரு மெஷின் போட எடம் குடுத்தா பொழச்சுக்குவேங்கிறா. எடத்துக்கு நான் எங்க போவேன்? அவங்களோட கெளம்புன்னு சொல்லிட்டேன்."

ஆசான் எழுந்து அவரோடு நடந்தார்.

ஆலைத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று. ஒரே அறை. வாசற்படியில் இளவஞ்சி குழந்தையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். உதடு வீங்கியிருந்தது. உள்ளே கூரை வரை துண்டறிக்கைக் கட்டுகள், கொடிக் கம்புகள், செல்லரித்த பேனர்கள், வாய் நசுங்கிய ஒலிபெருக்கி. நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் படுக்கிற அளவுக்கு ஒரு சந்து.

"எங்க உக்காரட்டும், தலைவரே?" என்றார் ஆசான்.

முத்திருளன் ஒரு கட்டைத் தூக்கி இன்னொன்றின் மேல் வைத்தார். இரண்டும் சரிந்தன.

"நின்னுக்கிறேன். இதெல்லாம் எதுக்கு?"

"மறுபடி போராட்டம் வந்தா வேணும்ல?"

"எந்த ஆலையில?"

முத்திருளனின் முகம் கறுத்தது.

"எங்க ஆளுங்க மண்டை ஒடஞ்சும் கீழ விடாத கொடி இது. தெருவுல வீசச் சொல்றீங்களா? அப்ப நாங்க தொண்டை கிழியக் கத்துனதெல்லாம் குப்பையா?"

"நான் அப்படிச் சொல்லலையே."

"பொம்பளையக் கைநீட்டி அடிக்கிறவன் மனுஷனே இல்லன்னு மேடைக்கு மேடை பேசுவாரு" என்றாள் இளவஞ்சி, யாரையும் பார்க்காமல். "அந்த நோட்டீசும் உள்ளதான் எங்கயாவது கெடக்கும்."

"நீ சும்மா இரு தாயி."

ஆசான் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இந்தத் தரைய முழுசா நீங்க கடைசியா எப்பப் பாத்தீங்க?"

முத்திருளன் மகளைக் காட்டினார்.

"இவ அம்மா செத்த அன்னைக்கு."

"அன்னைக்கு இதெல்லாம் எங்க இருந்துச்சு?"

"தெருவுல. பொணத்தைக் கெடத்தணும்ல. சாவு விழுந்தா எங்க லைன்ல யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல. தெருவே வந்து வீட்டை ஒழிச்சுக் குடுத்துடும். அன்னைக்கு மழை வேற. அம்புட்டும் நனைஞ்சு போச்சு."

"நீங்க தடுக்கலையா?"

"ஆஸ்பத்திரியிலேருந்து கொண்டாந்து வாசல்ல வச்சிருக்காங்க. எப்படித் தடுக்கிறது?"

"அப்புறம்?"

"காரியம் முடிஞ்சதும் காயவச்சு, நானே உள்ள எடுத்து அடுக்கிட்டேன்."

தெருமுனையில் பஸ் வந்து நின்றது. வெள்ளைச் சட்டை போட்ட மூன்று ஆண்கள் இறங்கினார்கள். இளவஞ்சி குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு எழுந்தாள். உள்ளே போகப் பார்த்தாள். போக இடமில்லை.

முத்திருளனின் குரல் இறங்கிவிட்டது.

"சொல்லுங்க ஆசானே. இப்ப நான் என்ன பண்ணட்டும்?"

"அனுப்பிவைங்க, தலைவரே. பொணமாத் திரும்பி வரட்டும். தெருவே வந்து எடம் பண்ணிக் குடுக்கும்."