அசையாத பிள்ளைக்கு எடுத்த அளவு

தையல் மிஷினை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட எந்தக் கிழமை நல்லது, சொல்லுங்கள் பார்ப்போம்?

தெரியாதா? அப்படியென்றால் நீங்கள் நொச்சிக்குண்டுப் பக்கம் வந்ததே இல்லை. அங்கே சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்.

நொச்சிக்குண்டில் செங்கமலம் வீட்டில்தான் ஊரின் ஒரே தையல் மிஷின் இருந்தது. இருந்தது என்றால், அவளுடையது இல்லை. அவள் வீட்டுக்காரனின் அக்கா மாடத்தி, டவுனில் இருப்பவர், பொங்கலுக்கு வந்தபோது பஸ்ஸின் மேலே ஏற்றிக் கொண்டுவந்து இறக்கியது. கூடவே பச்சையில் மஞ்சள் பூப் போட்ட துணி ரெண்டு மீட்டர்.

"எனக்குக் கால் வலி, மிதிக்க முடியலை. நீயே வச்சுக்கோ," என்றார் மாடத்தி மதினி. "ஆனா ஒரு பேச்சு. வருசப் பொறப்பு, சித்திரை விசுவுக்கு நான் வருவேன். அன்னைக்கு இந்தத் துணி மரகதம் உடம்புல கவுனாக் கிடக்கணும். இல்லன்னா, வந்த பஸ்ஸுலயே மிஷினைத் திரும்ப ஏத்திட்டுப் போயிருவேன்."

மரகதம், செங்கமலத்தின் நாலு வயசு மகள்.

அன்றிலிருந்து செங்கமலம் காலையில் எழுந்ததும் முதலில் மிஷினைத் துடைப்பாள். பிள்ளை மூக்கைத் துடைப்பது அப்புறம்தான். அவளுக்கு அந்த மிஷின் மேல் அப்படி ஓர் ஆசை. பக்கத்து வீட்டு உலகம்மாவும் எதிர்வீட்டு வடிவும் தினமும் வந்து சேர்ந்துகொள்வார்கள். மூன்று மாசத்தில் மூன்று சாமான் தைத்தார்கள். செங்கமலம் தைத்தது தலையணை உறை. பஞ்சு வெளியே வந்துவிடக் கூடாதென்று நாலு பக்கமும் அழுத்தமாகத் தைத்துவிட்டாள். வெளியே வரவில்லைதான். உள்ளேயும் போகவில்லை. வடிவு காய்கறிப் பை தைத்துப் பிடியை அடியில் வைத்தாள்; வாய் மேலே இருந்தால் காக்கா கொத்துமாம். உலகம்மா கைக்குட்டை தைத்தாள். அது நன்றாக வந்தது. வாங்கும்போதே அது கைக்குட்டைதான்.

பங்குனி கடைசி வியாழக்கிழமை வந்துவிட்டது. துணி மடித்தபடியே இருந்தது.

வாராவாரம் சமுதாயக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுக்கும் ரோசம்மா டீச்சர், மகள் பிரசவத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். செங்கமலம் ஓடிப்போய் வழிமறித்தாள். டீச்சர் ஒரு கால் பஸ் படியில் இருக்க, அவசரமாகச் சொன்னார்:

"மிஷினுக்கு எண்ணெய் விடுங்க. துணியை நனைச்சு, நிழல்லயே காயவிட்டு, அப்புறம் வெட்டுங்க. பிள்ளை ஆடாம அசையாம இருக்கும்போது அளவு எடுங்க. ஆங், புது வருசம் பொறக்குது. போன வருசம் நம்மகிட்ட என்ன தப்புன்னு யோசிச்சு ஒரு தாள்ல எழுதி, தினமும் கண்ணுல படுற இடத்துல வச்சுக்கோங்க. ரைட், போலாம்!"

செங்கமலம் ஒரு சொல் விடாமல் மனப்பாடம் செய்துகொண்டாள். 'ரைட், போலாம்' உள்பட.

மறுநாள் வெள்ளிக்கிழமை. எண்ணெய்க் கிண்ணத்தோடு மூன்று பேரும் மிஷினைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"பொறுங்கட்டி," என்றாள் உலகம்மா. மூன்று பேரில் மூத்தவள் அவள்தான். "மொதல்ல இது ஆணா பொண்ணான்னு தெரியட்டும். பொம்பளைன்னா வெள்ளிக்கிழமை எண்ணெய் வைக்கலாம். ஆம்பளைன்னா நாளைக்கு, சனிக்கிழமை. மாத்தி வச்சா உடம்புக்கு ஆகாது."

"நாள் பூரா சத்தம் போடுதுல்லாக்கா, பொம்பளைதான்," என்றாள் வடிவு.

"மிதிச்சாத்தான் வேலை செய்யுது. எனக்கு என்னமோ ஆம்பளை மாதிரித் தெரியுது," என்றாள் செங்கமலம்.

உலகம்மா வெகுநேரம் மிஷினையே பார்த்தாள். "ரெண்டு நாளா இது மூலையில சும்மாதான் இருந்துச்சு. எங்க வீட்டுக்காரரு அப்படி இருந்தா அதுக்குள்ள நாலு தடவை காப்பி கேட்டிருப்பாரு. இது கேக்கலை. பொம்பளைதான்."

"எனக்கு அப்பவே தெரியும்," என்றாள் வடிவு. எதற்கும் அவள் அப்படித்தான் சொல்வாள்.

காய்ச்சிய நல்லெண்ணெயை உச்சியில் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்தார்கள். சீயக்காய் போட்டு வெந்நீர் ஊற்றினார்கள். சாம்பிராணி காட்டினார்கள். மிஷின் ஜம்மென்று வாசமாக உட்கார்ந்திருந்தது. செங்கமலத்துக்குத் திடீரென்று பகீரென்றது.

"யக்கா! எண்ணெய் தேச்சுக் குளிச்ச அன்னைக்குப் பகல்ல தூங்கக் கூடாதே! சும்மா விட்டா இது தூங்கிருமே!"

அவ்வளவுதான். துணி இல்லாமல், நூல் இல்லாமல், பொழுது அடைகிறவரை மூன்று பேரும் முறை வைத்து மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தார்கள். சாயங்காலம் செங்கமலத்துக்கு முழங்காலை மடக்க முடியவில்லை. மாடத்தி மதினிக்கு ஏன் கால் வலி வந்தது என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கிற்று. பாவம், எத்தனை வெள்ளிக்கிழமை மிதித்தாரோ!

சனிக்கிழமை துணியை நனைத்து வேப்பமரத்து நிழலில் கட்டிலில் விரித்தார்கள். பாதி காய்வதற்குள் நிழல் கட்டிலை விட்டு நகர்ந்துவிட்டது.

"நிழல்லயே காயவிடணும்னுல்லா டீச்சர் சொன்னாவ? தூக்குங்க, தூக்குங்க!"

துணிக்கு மூலை நாலு. ஆள் மூன்று. நாலாவது மூலையை உலகம்மா வீட்டு ஆட்டின் கொம்பில் கட்டினார்கள். நிழல் போகப் போக இவர்களும் துணியை விரித்துப் பிடித்தபடி ஓரடி ஓரடியாகப் பின்னால் போனார்கள். வேலியைத் தாண்டி, வடிவு வீட்டு எருக்குழியைச் சுற்றி, ரேஷன் கடைச் சுவர்வரைக்கும் போனார்கள். அதற்குள் ஆடு தன் மூலையில் ஒரு சாண் தின்றுவிட்டது. ஆட்டைக் குற்றம் சொல்ல முடியாது. துணி பச்சை நிறம்.

பொழுது அடைந்ததும்தான் சிக்கல் வந்தது. எங்கே பார்த்தாலும் நிழல்.

"இதுல நம்ம நிழல் எது?" என்றாள் செங்கமலம், கலங்கிப்போய்.

மூன்று பேரும் ரொம்ப நேரம் தேடினார்கள். கிடைக்கவில்லை. துணி அதற்குள் காய்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அளவு எடுக்க வேண்டும். 'ஆடாம அசையாம' என்று டீச்சர் சொன்னது மற்றப் பிள்ளைகளுக்குச் சரி. மரகதம் பிறந்த அன்றே கட்டிலிலிருந்து உருண்டவள். டேப்பைப் பார்த்ததும் ஓட்டம் பிடித்தாள். மூன்று பேரும் தெரு தெருவாகத் துரத்தியதில் உலகம்மாவின் இடுப்பளவு ஒரு அங்குலம் குறைந்ததுதான் மிச்சம்.

மத்தியானம் சோறு தின்ற அசதியில் மரகதம் பாயில் சுருண்டு தூங்கிவிட்டாள்.

"ஏட்டி," என்று உலகம்மா கிசுகிசுத்தாள், "ஆடலை."

"அசையவும் இல்லை," என்றாள் செங்கமலம்.

"எனக்கு அப்பவே தெரியும்," என்றாள் வடிவு.

மெல்லத் தூக்கி, ரெண்டாக மடித்த துணிமேல் கிடத்தினார்கள். மரகதம் கிழக்கே பார்த்து ஒருக்களித்து, வலது கையைத் தலைக்கு மேல் போட்டு, இடது கட்டைவிரலை வாயில் வைத்து, ரெண்டு முழங்காலையும் வயிற்றோடு மடக்கிக்கொண்டு கிடந்தாள். செங்கமலம் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பிள்ளையைச் சுற்றிச் சாக்கட்டியால் கோடு போட்டாள். கோட்டில் ஒரு நூல் பிசகாமல் வெட்டினாள். இருட்டுவதற்குள் தைத்தும் முடித்துவிட்டாள். வலது கை நேரே வானத்தைப் பார்த்தது. இடது கை வாயைப் பார்த்தது. முழங்கால் இருந்த இடத்தில் கவுன் ஒரு பக்கமாகப் பானை வயிறு போலத் தள்ளிக்கொண்டு நின்றது.

செங்கமலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "என் பிள்ளை அச்சுஅசலா இருக்காள்லா!" என்றாள்.

மறுநாள் திங்கள்கிழமை, பங்குனியின் கடைசி நாள். டீச்சர் சொன்னதில் மிச்சம் இருந்தது தப்பு எழுதுகிற வேலைதான். ஆளுக்கொரு தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரம் யோசித்தார்கள்.

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் வரலையே," என்றாள் உலகம்மா. "நல்லவளாவே இருந்துட்டேன் போல."

"எனக்கும் அப்படித்தான் இருக்கு," என்றாள் செங்கமலம் கவலையோடு. "ஆனா உங்களை நினைச்சா ஒண்ணொண்ணா வருதேக்கா."

"அப்படியா? எனக்கு வடிவை நினைச்சா வருது."

"எனக்குச் செங்கமலத்தக்காவை நினைச்சா வருது," என்றாள் வடிவு. "அப்பவே எனக்குத் தெரியும்."

தாளை மாற்றிக்கொண்டதும் பென்சில்கள் பறந்தன. எழுதி முடித்துத் தாள்களை மடித்து வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று பேசினார்கள்.

"தினமும் கண்ணுல படுற இடம் எது?"

"அடுப்பு."

"தாள் எரிஞ்சிரும்."

"நம்ம மூணு பேரு கண்ணுலயும் படணும். அப்படி எது இருக்கு?"

வாசலில் மரகதம் மூன்றாவது தடவையாகக் கோழியைத் துரத்திக்கொண்டு ஓடினாள்.

"இவதான்! நாம பாக்காட்டாலும் கண்ணுல வந்து படுவா!"

உடனே மிச்சத் துணியில் ஒரு பை தைத்து, கவுனின் நெஞ்சில் ஒட்டி, மூன்று தாளையும் உள்ளே வைத்தார்கள். தினமும் பார்க்கலாம். படிக்க வேண்டுமென்று டீச்சர் சொல்லவில்லை.

அன்றைக்குச் சாயங்கால பஸ்ஸில் மாடத்தி மதினி வந்து இறங்கினார். இறங்கியதும் கண்டக்டரிடம், "நாளைக்குக் காலையில மேல ஒரு மிஷின் வைக்க இடம் வேணும், எதுக்கும் சொல்லி வைக்கேன்," என்றார். பையைத் தூக்க வந்த செங்கமலத்தின் காதில் அது விழுந்தது. வழக்கம்போல் அவளுக்குத் தலைவலி வந்துவிட்டது.

விசு அன்றைக்கு அங்கே கனி காண்பது வழக்கம். விடிகிற நேரத்தில் கண்ணைத் திறக்காமலே எழுந்து வந்து, பழமும் பூவும் கண்ணாடியும் வைத்த தாம்பாளத்தின் முன்னால்தான் கண் திறக்க வேண்டும். மதினி கண் திறக்கும்போது தாம்பாளத்துக்குப் பக்கத்திலேயே கவுனும் தெரியட்டும் என்று செங்கமலம் முடிவு செய்தாள். அளவு எடுத்தபோது பிள்ளை தூங்கியது. போட்டுக் காட்டும்போதும் தூங்கினால்தானே சரியாக இருக்கும்?

கோழி கூவியதும் மூன்று பேரும் கவுனோடு மரகதத்தைச் சுற்றி நின்றார்கள். பிள்ளை மேற்கே பார்த்துப் படுத்திருந்தாள்.

"ஏட்டி, அளவு எடுக்கும்போது கிழக்கே இல்லா பார்த்தா?"

"பாயைத் திருப்புவோம்."

திருப்பினார்கள். இப்போது கிழக்கே பார்த்தாள். ஆனால் கவுனின் வலது கை பிள்ளையின் இடது கைக்கு வந்தது. இன்னொரு தடவை திருப்பினார்கள். மறுபடியும் மேற்கு. தலை சுற்றியதோ என்னமோ, மரகதம் தானாகவே புரண்டு, வலது கையை மேலே போட்டு, விரலை வாயில் வைத்து, காலை மடக்கிக்கொண்டாள்.

"எனக்கு அப்பவே—"

"வாயை மூடுட்டி!"

கவுன் வழுக்கிக்கொண்டு ஏறியது. அப்படி ஒரு பொருத்தம்! உலகம்மா போய், கண்ணை மூடிக்கொண்டிருந்த மதினியைக் கையைப் பிடித்து அழைத்துவந்து தாம்பாளத்தின் முன்னால் நிறுத்தினாள்.

மதினி கண்ணைத் திறந்தார். மாம்பழம், கொன்றைப்பூ, கண்ணாடி. பக்கத்தில் பச்சைக் கவுனில் மரகதம்.

"அடியாத்தி!" என்று கன்னத்தில் கை வைத்தார். "டவுன்ல கூட இப்படி உடம்போட ஒட்டித் தைக்க ஆள் கிடையாதேட்டி! ஏ பிள்ளை, எந்திரி. அத்தை முன்னால நில்லு."

செங்கமலம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

மரகதம் எழுந்து நின்றாள். வலது கை, வகுப்பில் ஒண்ணுக்குப் போகக் கேட்பதுபோல மேலே நின்றது. இடது கை வாயை விட்டு வரவில்லை. வயிற்றுப் பக்கம் கவுன் தனியாக ஒரு திசையில் போனது. ரெண்டு எட்டு வைத்து, சுவரில் முட்டி நின்றாள்.

மதினி முன்னால் வந்து பார்த்தார். பின்னால் போய்ப் பார்த்தார். கடைசியில் தீர்ப்பாகச் சொன்னார்:

"துணியில ஒரு குத்தமும் இல்லை. பிள்ளைதான் கோணலா நிக்குது. போகப் போகச் சரியாயிரும்."

செங்கமலத்துக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சு பாதியில் நின்றது. மதினியின் கை கவுனின் பைக்குள் போயிருந்தது.

"இது என்ன, தாளு?" மதினி உரக்கப் படித்தார். "'உலகம்மாக்கா பேச உக்காந்தா சோறு கரிஞ்சாலும் எந்திரிக்க மாட்டாவ. கரியிறது எங்க வீட்டுச் சோறு.' சரிதான். 'வடிவு எல்லாத்துக்கும் எனக்கு அப்பவே தெரியும்னு சொல்லுதா.' சரிதான். 'மதினி வரும்போதெல்லாம் செங்கமலத்தக்காவுக்குத் தலைவலி வருது. மதினி பஸ் ஏறினதும் சரியாயிருது.'"

மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். மரகதத்தின் கை மட்டும் தூக்கியபடியே இருந்தது.

மதினி தாளை மடித்தார். செங்கமலத்தைப் பாவமாகப் பார்த்தார்.

"ஏட்டி, இதை ஏன் முன்னாலயே சொல்லலை? பஸ் ஏறினதும் சரியாகுதுன்னா, உனக்குப் பஸ் காத்து ஒத்துக்குது. அடுத்த தடவை தலைவலி வந்தா என்கூடவே ஏறி வந்துரு. ஒரு மாசம் இரு."

"சரி மதினி," என்றாள் செங்கமலம். தலைவலி பலமாக வந்தது.

மதினி மறுபடியும் பைக்குள் கைவிட்டுத் துழாவினார். முகம் வாடிவிட்டது. "மூணுதான் இருக்கு. என் தப்பு எங்க? நான் இந்த வீட்டு மனுஷி இல்லையா?"

மூன்று பேருக்கும் வெட்கமாகப் போய்விட்டது. உடனே தாளை எடுத்து உட்கார்ந்தார்கள். முன்பக்கம் நிறைந்து, பின்பக்கம் நிறைந்து, இன்னொரு தாள் வாங்க வடிவு ஓடினாள். மதினி எல்லாவற்றையும் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே பஸ் ஆரன் அடித்தது. "மிஷின் வருதாம்மா?" என்று கண்டக்டர் கத்தினார்.

"வரலை, போங்க!" என்று மதினியும் கத்தினார். "இவ்வளவு தாளை நான் எதுல வைப்பேன்? எனக்குப் பை வச்ச ஜாக்கெட் ஒண்ணு தைக்க வேண்டியிருக்கு!"

சொல்லிவிட்டு மிச்சத் துணியைத் தரையில் விரித்து அதன்மேல் ஒருக்களித்துப் படுத்தார். வலது கையைத் தலைக்கு மேல் போட்டார். கொஞ்சம் யோசித்து, இடது கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். செங்கமலம் சாக்கட்டியோடு மண்டி போட்டாள். மதினி விரலை மட்டும் எடுத்து, ஒற்றைக் கண்ணைத் திறந்தார்.

"ஏட்டி செங்கமலம், தூங்குனா எனக்குக் குறட்டை வரும், வயிறு ஏறி ஏறி இறங்கும். துணி கொஞ்சமாத்தான் இருக்கு, இறங்கும்போது மட்டும் கோடு போடு, என்ன?"