காய்ந்த வாய்

“நான் வைத்த அடைப்பு அப்படியே இருக்கிறது மேடம். சுற்றியிருந்த பல்தான் போய்விட்டது” என்றார் அபுதாகிர்.

ஊரில் நடத்திவந்த பல் கிளினிக்கை மூடிவிட்டு, மேற்படிப்புக்காகத் தூத்துக்குடிக்கு வந்தவர் அவர். கல்லூரியில் அவருக்கு ஆசிரியரான மங்கையர்க்கரசி அவரைவிட வயதில் இளையவர். அதிகம் பேசமாட்டார்.

“யார் பல்?”

“கஸ்பார். துறைமுகத்தில் மீன் ஏலம் கூறுகிறவர். தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்துக்கொண்டவர். ஈறோரம் சொத்தை. பல் நிறத்திலேயே காம்போசிட் வைத்தேன். எது அடைப்பு, எது பல் என்றே தெரியவில்லை. இப்போது விளிம்பெல்லாம் கறுத்துக் குழிந்துவிட்டது.”

“பிடுங்கிவிடலாமே?”

“கதிர்வீச்சு பட்ட தாடை. பிடுங்கினால் எலும்பு ஆறாமல் போகலாம்.” அவர் குரல் இறங்கியது. “காம்போசிட்டைவிட உசத்தி எது மேடம்?”

மங்கையர்க்கரசி பஞ்சுருளைகளை எடுத்து அபுதாகிரின் கன்னங்களுக்குள்ளும் நாக்கின் அடியிலும் வைத்தார். பஞ்சு எச்சிலை முழுக்க உறிஞ்சும்வரை காத்திருந்தார்.

பிறகு பஞ்சை எடுத்துவிட்டு ஒரு துண்டு ரஸ்க்கை நீட்டினார்.

“சாப்பிடுங்கள், சார்.”

அபுதாகிர் கடித்தார். மணலை மென்றது போல இருந்தது. பல்லிடுக்கில் அப்பிக்கொண்டது. விழுங்க முடியவில்லை.

தண்ணீர் வேண்டும் என்று கை காட்டினார்.

மங்கையர்க்கரசி தரவில்லை.

அபுதாகிர் எழுந்துபோய்த் துப்பினார். குழாயைத் திறந்து வாயில் நீர் நிறைத்தபடி அப்படியே நின்றார். கதிர்வீச்சில் எச்சில் வற்றியவருக்கு நாள் முழுக்க இதே வாய்தான். பிறகு நேரே வெளியே காத்திருந்த கஸ்பாரிடம் போனார்.

“அண்ணே, ஏலம் கூறும்போது வாய் காஞ்சா என்ன செய்வீங்க?”

கஸ்பார் சட்டைப்பையிலிருந்து ஒரு பிடி பெப்பர்மின்ட் மிட்டாயை எடுத்துக் காட்டினார்.

“இது இல்லாம நாக்கே அசையாது டாக்டரே. விடிஞ்சதுலேந்து வாயில ஒண்ணு கெடக்கும். ஏன், சாப்பிடக் கூடாதா?”

அன்றே மிட்டாய் நின்றது. பதிலாகத் தண்ணீர் பாட்டிலும் சர்க்கரை இல்லாத சூயிங்கமும் வந்தன. அபுதாகிர் சொத்தையைச் சுரண்டி எடுத்தார். இந்த முறை கிளாஸ் அயனோமர் சிமெண்ட் வைத்தார். பளபளப்பு கிடையாது. வெளுத்த சுண்ணாம்பு நிறம். ஆனால் பல்லுக்கு உறுதி தரும் ஃபுளோரைடைச் சிறுகச் சிறுகக் கசியவிடும்.

“சீக்கிரம் தேயும்” என்றார் மங்கையர்க்கரசி.

“தெரியும் மேடம்.”

சில மாதங்கள் கழித்து கஸ்பார் வந்தார். துறைமுகத்தில் தன் குரல் பழையபடி எடுபடுவதாகச் சொன்னார்.

அபுதாகிர் விளக்கைத் திருப்பிப் பார்த்தார். சிமெண்ட் பாதி இல்லை. அவர் முகம் வாடிவிட்டது.

கூர்க்கம்பியால் பல்லின் விளிம்பைத் தொட்டார். கெட்டியாக இருந்தது. சுற்றிலும் தொட்டார். எங்கேயும் கறுப்பு இல்லை.

“அண்ணே, நான் வச்சது தேஞ்சுபோச்சு. மறுபடியும் வைக்கணும். மன்னிச்சுக்குங்க.”

“பல்லு இருக்குல்லா?”

“இருக்கு. நல்லா இருக்கு.”

கஸ்பார் நாற்காலியிலிருந்து எழுந்தார். டாக்டரின் கைகள் இரண்டையும் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

“பாவம் டாக்டரே, அது எனக்காகல்லா தேஞ்சிருக்கு!”