ராஜ நடை போட்ட நாய்

ஊர் நாய்க் கண்காட்சியில் மில் முதலாளி ரத்னசபாபதியின் சிப்பிப்பாறை நாய்க்கே மூன்று வருஷமாகக் கோப்பை. அந்த நாயைப் பராமரிக்கும் மாடத்தி, அதோடு ஒரே ஈற்றில் பிறந்த இன்னொன்றைத் தன் வீட்டில் வளர்த்தாள். அதையும் போட்டிக்குக் கொண்டுவருவாள்; நடுவர் ஏறிட்டும் பார்த்ததில்லை.

இந்த வருஷமும் முதலாளி பிடித்திருந்த நாயைத் தடவிக் கொடுத்து, "என்ன ஒரு ராஜ நடை! இதுக்குத்தான் கோப்பை" என்றார் நடுவர். மாடத்தி பிடித்திருந்த நாயைப் பார்த்து, "கால் கோணல். இதெல்லாம் ஒரு நாயா?" என்றார்.

மாடத்தி தன் கையிலிருந்த நாயின் காதைப் புரட்டிக் காட்டினாள். உள்ளே மில் முத்திரை பச்சை குத்தியிருந்தது.

"கயித்தை மாத்திக் குடுத்தது நான்தான்யா. தன் நாய் எதுன்னு மொதலாளிக்கே தெரியல. நீங்களும் ஆளைத்தான் பாத்தீங்க, நாயைப் பாக்கல."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. முதலாளி அப்போதும் கோப்பைக்குக் கை நீட்டினார்.

மாடத்தி குறுக்கே வந்து நின்றாள். "ராஜ நடைன்னு ஊரறியச் சொன்னது என் நாயைத்தானே? கோப்பையை இங்க குடுங்க."