விட்டுக்கொடுத்த கரடியும் விட்டுக்கொடுத்த நரியும்

ஜப்பான் நாட்டு மலைக்காடு ஒன்றில் தைச்சி என்ற கரடியும் கோசுகே என்ற நரியும் இணைபிரியாத நண்பர்களாக இருந்தார்கள். குளக்கரையில் நடந்த மேல்நிலைப் பள்ளியில் இருவரும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. அந்தப் பள்ளியில் இருந்த விதி ஒன்றுதான்: வகுப்பில் யாரும் யாரையும் தின்னக் கூடாது. மற்றபடி எதற்கும் தடையில்லை. ஆகவே காதலுக்கும் தடையில்லை.

அந்த ஆண்டு சுஸு என்ற மான் புதிதாக வந்து சேர்ந்தாள். அவர்களுக்கு முன்னால் இருந்த பெஞ்சில் அவளுக்கு இடம் கிடைத்தது. வந்ததும் திரும்பி, "உன்னிடம் இன்னொரு பென்சில் இருக்குமா?" என்று தைச்சியைக் கேட்டாள்.

தைச்சி அவசரமாக எடுத்து நீட்டினான். பதற்றத்தில் அவன் கைக்குள்ளேயே பென்சில் இரண்டாக முறிந்துவிட்டது!

சுஸு சிரித்துவிட்டாள். "பாதி போதும்" என்று ஒரு துண்டை வாங்கிக்கொண்டாள். அன்று முதல் தைச்சிக்குத் தேன்கூடத் தொண்டையில் இறங்கவில்லை.

இதைக் கோசுகேயிடம் சொல்லிவிட வேண்டும் என்று அவன் துடித்தான். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் கோசுகே முந்திக்கொண்டான்.

"டேய், அந்த மான் சிரித்ததைப் பார்த்தாயா? எனக்கு அதைத் தவிர வேறு நினைப்பே இல்லைடா!"

தைச்சி, வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டான்.

காதலைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் வகுப்பில் கை மாறி வரும் படக்கதைகளில் படித்ததுதான். அவற்றில் இரண்டு நண்பர்கள் ஒருத்தியை விரும்புவார்கள். ஒருவன் விட்டுக்கொடுப்பான். செர்ரி மரத்தடியில் தனியாக நிற்பான், பூவிதழ்கள் உதிரும், கண்ணோரத்தில் ஒரு துளி நீர். ஒரு பக்கம் முழுவதும் அவன் படம்தான்! வகுப்பே அந்தப் பக்கத்தைப் பார்த்து மூக்கைச் சிந்தும்.

தைச்சி குளத்து நீரில் பார்த்து அந்த முகத்தைப் பழகினான். பார்த்தவர்கள் அவனுக்குப் பல்வலி என்று நினைத்தார்கள். அவனுக்கோ அது வெகு பொருத்தமாகத் தோன்றியது.

பூத்திருவிழா வந்தது. அன்று காலை ஜோடி ஜோடியாக மரப்பாலத்தில் சந்தித்து, அக்கரையில் நடக்கும் ஆட்டத்துக்குப் போவது அந்தக் காட்டு வழக்கம். திருவிழாவுக்கு முதல் நாள் சுஸு தைச்சியிடம் வந்தாள்.

"நாளைக்கு நீ யாருடன் போகிறாய்?"

"யாருடனும் இல்லை."

"நானும்தான்" என்றாள் அவள். சொல்லிவிட்டுப் போகாமல் நின்றாள். அவள் காதுகள் இரண்டும் அவன் பக்கமே திரும்பியிருந்தன.

தைச்சி 'என்னுடன் வருகிறாயா?' என்று கேட்டால் முடிந்தது. ஆனால் அந்தச் செர்ரி மரமும் உதிரும் பூக்களும் கண்முன் வந்து நின்றன.

"நீ கோசுகேயுடன் போ!" என்றான். "ரொம்ப நல்லவன். நன்றாக ஓடுவான்!"

"ஓடுவானா?"

"ஆமாம்! போன ஓட்டப் பந்தயத்தில் இரண்டாம் இடம்!"

சுஸு அவனையே சற்று நேரம் பார்த்தாள். பிறகு காதுகளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். தைச்சி நேராகக் கோசுகேயிடம் ஓடினான். "சுஸு நாளைக்குப் பாலத்தில் உனக்காகக் காத்திருப்பாள்!" என்று சொல்லிவிட்டு, அன்று முழுவதும் தன்னை நினைத்துத் தானே உருகினான்.

மறுநாள் காலை அவன் பாலத்தருகே இருந்த பாறைக்குப் பின்னால் போனான். தன் தியாகத்தை ஒளிந்திருந்து பார்க்க வேண்டாமா? பூ நன்றாக உதிரும் இடமாக முந்தைய நாளே பார்த்து வைத்திருந்தான். ஆனால் அந்த இடத்தில் ஏற்கெனவே ஒருவன் சோகமாக உட்கார்ந்திருந்தான்.

கோசுகே!

"நீ இங்கே என்னடா செய்கிறாய்? அவள் உனக்காகக் காத்திருக்கிறாள்!" என்று பதறினான் தைச்சி.

"உனக்காகத்தான்டா காத்திருக்கிறாள்! 'தைச்சி கூச்சத்தில் உளறிவிட்டான், நாளைக்குக் கட்டாயம் வருவான்' என்று நேற்றே நான்தான் அவளிடம் போய்ச் சொன்னேன். நீ தேனைத் தொடாமல் இருப்பதை நான் கவனிக்கவில்லை என்றா நினைத்தாய்? அவளை உனக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன்!"

"அது எப்படி? நான்தான் உனக்கு விட்டுக்கொடுத்தேன்!"

"நான்தான் முதலில்!"

"இல்லை, நான்தான்! அவள் பென்சில் கேட்ட அன்றே விட்டுக்கொடுத்துவிட்டேன்!"

"உன் தியாகத்தைவிட என் தியாகம் பெரியதுடா!"

இருவரும் ஒருவர் கழுத்தை ஒருவர் பிடித்துக்கொண்டு பாறைக்குப் பின்னாலிருந்து உருண்டார்கள். உருண்டு வந்து விழுந்தது, பாலத்தில் காத்திருந்த சுஸுவின் காலடியில். அவள் கையில் இலையில் கட்டிய அரிசிப் பலகாரம் இருந்தது. பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது.

"நான் என்ன உங்கள் இருவருக்கும் பொதுவான பண்டமா? இவன் அவனுக்குக் கொடுக்கிறான், அவன் இவனுக்குக் கொடுக்கிறான்! எனக்கு யாரைப் பிடிக்கும் என்று உங்களில் ஒருவராவது கேட்டீர்களா?"

கோசுகே வாலைச் சுருட்டிக்கொண்டான். தைச்சி தட்டுத் தடுமாறி எழுந்தான்.

"இப்போது கேட்கலாமா?" என்றான் மெதுவாக.

சுஸுவின் கண்கள் கலங்கின. ஆனால் குரல் கலங்கவில்லை.

"நேற்றுக் கேட்டிருந்தால் உன் பெயரைத்தான் சொல்லியிருப்பேன், தைச்சி. இன்றைக்கு உன்னோடு கிளம்பினால் பாதி வழியில் என்னை யாருக்குக் கொடுத்துவிடுவாயோ!"

அவள் பாலத்தைக் கடந்து போய்விட்டாள். அக்கரையில் குரங்குகள் இடம் விட, ஆட்டத்தில் அவளும் சேர்ந்துகொண்டாள்.

"என்ன இருந்தாலும், முதலில் விட்டுக்கொடுத்தது நான்தான்" என்று முணுமுணுத்தான் கோசுகே.

தைச்சி பாலத்தைப் பார்த்தபடி, "என்னுடன் வருகிறாயா?" என்று சொல்லிப் பார்த்தான். சொல்வதற்கு எவ்வளவு சுலபமாக இருந்தது! காதில் வாங்கத்தான் அங்கே யாருமில்லை.

ஒருவரின் மனத்தைக் கேட்டறியாமல் அவரை இன்னொருவருக்கு விட்டுக்கொடுப்பது தியாகம் ஆகாது. அது தன்னைத் தானே மெச்சிக்கொள்வதுதான்.