பார்க்கக் கொடுக்காத ஹார்ட் டிஸ்க்

மலையடிவாரத்து மடத்துக்குள் மரகதம் செருப்போடு நுழைந்துவிட்டாள். பாதிக் கூடம் வந்த பிறகுதான் அது தெரிந்தது. திரும்பிப் போய் வாசலில் உதறிவிட்டு வந்தாள். அந்தக் கோபமும் கடைவீதியிலிருந்து கொண்டுவந்த கோபத்தோடு சேர்ந்துகொண்டது.

பூரணியம்மை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மடத்துக்குத் தலைமை அவர்தான். வயதில் மரகதத்தைவிடப் பத்து வருஷம் இளையவர். அதனால் மரகதம் தன் சிஷ்யை என்றாலும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"பொறுமை பொறுமைன்னு சொல்றீங்களேம்மா, பட்டப்பகல்ல ஏமாத்துறவன்கிட்டயும் பொறுமையா இருக்கணுமா? இன்னைக்கு எனக்கு ஒரு பதில் தெரிஞ்சாகணும்."

"யார் ஏமாத்தினது?"

"பஜார்ல கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கானே இருதயராஜ், அவன்தான். செத்த சாமானை என் தலையில கட்டிட்டான்."

மடத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர் உண்டு. காலமாகிப்போன ஓதுவார் கந்தப்பர் பாடிய தேவாரம் முழுக்க அதற்குள்தான் இருந்தது. வேறு பிரதி கிடையாது. கொஞ்ச நாளாக உள்ளே ஹார்ட் டிஸ்க் காபிக்கொட்டை அரைப்பது மாதிரி கரகரத்தது. அது நின்றுபோனால் கந்தப்பரின் குரலும் போச்சு. அதற்குள் பாட்டையெல்லாம் மாற்றிவிட வேண்டும் என்று மரகதம் இன்னொரு ஹார்ட் டிஸ்க் வாங்கி வந்தாள். கம்ப்யூட்டரைத் திறந்து, பழையதன் பக்கத்திலேயே பொருத்தினாள்.

கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவேயில்லை.

"ஒயரைச் சரியா மாட்டினீங்களா அக்கா?"

மரகதத்துக்குச் சுருக்கென்றது.

"மாட்டாம இருப்பேனா? அவன் சொல்லிக்கொடுத்த மாதிரியே ரெண்டு ஒயரையும் மாட்டினேன். வரலை. கழட்டி மறுபடி அழுத்தினேன். வரலை. பழைய டிஸ்க்கோட ஒயரைப் பிடுங்கி இதுல போட்டேன், அப்பவும் வரலை. இதோட ஒயரைக் கொண்டுபோய்ப் பழசுல போட்டா, அது ஜம்முனு ஓடுது! ஒயர் மேல குத்தமில்லை, கம்ப்யூட்டர் மேல குத்தமில்லை. அப்ப கோளாறு இதுலதானே? நான் சொல்றது தப்பா?"

"தப்பில்லை."

அந்த ஒரு வார்த்தையில் மரகதத்துக்குத் தெம்பு வந்துவிட்டது.

"அதான் நேரா கடைக்கே போயிட்டேன். கடை நிறைய ஆளுங்க. எவனோ தூக்கிப் போட்டதைத் துடைச்சு டப்பாவுல போட்டு வித்தியான்னு கேட்டேன். மடத்துக் காசுல கை வைக்கிறியே, நீ விளங்குவியான்னு கேட்டேன். பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் வாங்க வந்த சார் ஒருத்தர், நான் பேசினதைக் கேட்டுட்டு வாங்காமலே படியிறங்கிட்டார். நல்லா வேணும்னு நினைச்சேன்."

"இருதயராஜ் என்ன சொன்னார்?"

"என்னத்தைச் சொல்வான்? மூஞ்சி செத்துப்போச்சு. 'கொடுங்கம்மா, பாக்குறேன்'னான்."

"கொடுத்தீங்களா?"

"எதுக்குக் கொடுக்கணும்? உள்ள கொண்டுபோய் எதையாவது பண்ணிட்டு, நீதான் உடைச்சேன்னு திருப்பி என்னையே சொல்வான். நான் அவ்வளவு ஏமாளியா? பையைத் திறக்கவேயில்லையே!"

பூரணியம்மை கையிலிருந்த காம்பைக் கீழே போட்டார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நீட்டினார்.

"கொடுங்க அக்கா, பாக்குறேன்."

"உங்களுக்கு இதுல என்னம்மா தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது."

மரகதம் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அம்மை அதை வாசல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒயர் செருகும் இடத்தில் பொன்னிறத்தில் சின்னச் சின்னப் பட்டைகள் வரிசையாக இருந்தன. பாதிப் பட்டைகளைக் காணவில்லை. அவற்றின்மேல் வெளிர்மஞ்சளாக ஏதோ காய்ந்து இறுகியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனார்.

"வாசமா இருக்கே."

"சந்தனம்மா. புதுச் சாமானை அப்படியேவா மாட்டுவாங்க? சாமிக்கு முன்னால வச்சு, கற்பூரம் காட்டி, பொட்டு வச்சுத்தானே மாட்டினேன். மேலெல்லாம் ஸ்டிக்கரா ஒட்டி வச்சிருந்தான். அந்த ஒரு இடம்தான் தங்கமா மின்னுச்சு. அதான் அங்கயே நல்லா குழைச்சு…"

மரகதம் எட்டி அந்தப் பட்டைகளைப் பார்த்தாள்.

அம்மை டிஸ்க்கை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கீரைக்குத் திரும்பினார்.

மரகதம் உள்ளே போனாள். பென்சில் அழிக்கிற ரப்பரைத் தேடி எடுத்து, பட்டை பட்டையாகத் தேய்த்தாள். சந்தனம் பொடியாக உதிர்ந்தது. ஊதித் தள்ளிவிட்டுப் பொருத்தினாள். புதிய டிஸ்க் ஒன்று வந்திருக்கிறது, தயார் செய்யலாமா என்று கேட்டது கம்ப்யூட்டர். கந்தப்பரின் பாட்டு ஒவ்வொன்றாகப் புது இடத்துக்கு நகல் ஆகத் தொடங்கியது.

வெளியே வந்தபோதும் அவள் முகம் சிடுசிடுவென்றுதான் இருந்தது.

"இருந்தாலும் அந்த இடத்துல எதுவும் படக்கூடாதுன்னு அவன் சொல்லியிருக்கணும்ல? எனக்கென்ன ஜோசியமா தெரியும்?"

"பார்த்திருந்தா சொல்லியிருப்பார்."

மரகதம் வாசலைப் பார்த்தாள். தூணைப் பார்த்தாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த போனை உருவினாள்.

"சரி விடுங்க. போன் போட்டு ஒரு வார்த்தை சொல்லிடறேன்."

பூரணியம்மை கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"திட்டினது போன்லயா அக்கா?"