மூன்று ஒட்டு, ஒரு வேலை

புத்திசாலிகளே, கொஞ்சம் காது கொடுங்கள். எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்பயிற்சி நிலையம். அங்கே வெல்டிங் சொல்லிக்கொடுப்பவர் தேவசகாயம். நேர்மையான மனிதர். அந்த நேர்மைதான் அவரைப் படாத பாடு படுத்தியது.

கப்பல் கட்டும் கம்பெனி ஒன்று, அவர் கைகாட்டும் ஒரே ஒருவருக்குச் சம்பளத்தோடு பயிற்சியும் பிறகு நிரந்தர வேலையும் தருவதாகச் சொல்லியிருந்தது. வகுப்பில் முன்னே நின்றவர்கள் மூவர். பிரவீன்ராஜின் அப்பா கிரில் பட்டறை வைத்திருப்பவர். பையன் நடை பழகியதே நெருப்புப் பொறிக்கு நடுவில். நாகவள்ளி பழவேற்காட்டு மீனவர் வீட்டுப் பெண். வேலை கிடைக்காவிட்டால் ஆவணியில் கல்யாணம் என்று வீட்டில் நாள் பார்த்தாகிவிட்டது. கன்னியம்மா இருளர் குடியிருப்பிலிருந்து வந்தவள். வகுப்பில் சேரச் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனவளை, அப்பனுடைய சான்றிதழைக் கொண்டுவா என்று அலையவிட்டார்கள். அப்பனுக்கு ஏது சான்றிதழ்? ஆடியில் தொடங்கிய வகுப்புக்குத் தை பிறந்த பிறகுதான் அவளால் வர முடிந்தது. அவள் குடியிருப்பில் மாதச் சம்பளம் வாங்கியவர் இதுவரை யாருமில்லை.

ஓரவஞ்சனை என்று ஒருவரும் வாய் திறக்கக் கூடாது என்பதில் தேவசகாயம் குறியாக இருந்தார். மூவருக்கும் ஒரு தேர்வு வைத்தார். ஒட்டுவதற்கு ஒரே கனத்தில் தகடு, ஒரே ரக வெல்டிங் ராடு, ஒரே அளவில் தோல் கையுறை. ஒட்டும்போது கையுறையைக் கழற்றக் கூடாது. மணி அடித்ததும் தொடங்கி மறுமணிக்கு நிறுத்த வேண்டும்.

மணி அடித்தது. பிரவீன்ராஜ் தன்பாட்டுக்கு வேலையைப் பார்த்தான். நாகவள்ளியின் கையிலோ கையுறை தொளதொளத்தது, ராடு பிடியில் நிற்கவில்லை. பொறுத்துப் பார்த்தாள். பிறகு உருவி எறிந்துவிட்டு வெறுங்கையால் ஒட்டினாள். கன்னியம்மாவுக்கும் அதே தொல்லைதான். அவள் கைக்குட்டையைக் கிழித்துக் கையுறையின் விரல்களுக்குள் திணித்து, மாட்டிப் பார்த்து, மறுபடி திணித்து, மற்றவர்கள் பாதி முடித்த பிறகுதான் முதல் பொறியையே எழுப்பினாள்.

மறுமணி அடித்தது. தேவசகாயம் ஒட்டின் மேல் படிந்த கசடைத் தட்டிவிட்டுப் பார்த்தார். பிரவீன்ராஜின் ஒட்டு முழுசாக இருந்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. நாகவள்ளியுடையது அதைவிட நேர்த்தி, ஆனால் அவள் புறங்கையில் கொப்புளம். கன்னியம்மாவுடையது மூன்றிலும் சுத்தம். ஆனால் பாதித் தகடோடு நின்றுவிட்டது.

நாகவள்ளி கையை ஊதிக்கொண்டே வந்தாள்.

“கழட்டக் கூடாதுன்னு தெரியும் சார். கழட்டலைன்னா ராடே நிக்கல. நான் என்னதான் பண்ணியிருக்கணும்?”

பிரவீன்ராஜ் தான் எந்த விதியையும் மீறவில்லையே என்றான். அதுவும் வாஸ்தவம்தான். கன்னியம்மா இன்னும் கையுறையோடுதான் நின்றாள்.

“மீதியை முடிச்சிட்டுப் போகட்டுமா சார்?” என்று மட்டும் கேட்டாள்.

தேவசகாயம் மூன்று தகட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். மீறியவளுக்குக் கொடுத்தால் நாளைக்கு வகுப்பே கை வெந்து நிற்கும். முடிக்காதவளுக்குக் கொடுத்தால் முடித்தவன் முகத்தில் எப்படி விழிப்பது? பையனுக்கே கொடுத்துவிடலாம் என்றால் மனசு ஏனோ இடம் கொடுக்கவில்லை. எல்லோருக்கும் ஒன்றுபோலத்தானே கொடுத்தேன், எங்கே தப்பாப்போச்சு என்று மனிதர் சோற்றில் கைவைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

நீங்கள் சொல்லுங்கள். அந்த வேலை யாருக்குச் சேர வேண்டும்?

விடை: அவசரப்பட்டு ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் நீங்களும் ஏமாந்தீர்கள். மணி அடித்தபோது கைக்குப் பொருந்திய கையுறை போட்டிருந்தவன் ஒருவன்தான். ஆகவே தேர்வு நடந்ததும் அவன் ஒருவனுக்குத்தான். மற்ற இருவருக்கும் அது இன்னும் தொடங்கவே இல்லை. கொப்புளம் ஆறியதும், அவரவர் கைக்கேற்ற கையுறையோடு மூவருக்கும் மறுபடி மணி அடிப்பதே சரி. தேவசகாயத்துக்கும் இது ஒருவழியாக உறைத்தது. கம்பெனியிடம் தவணை கேட்டுவிட்டு, பாரிமுனைக்கு பஸ் ஏறி, கடை கடையாக ஏறி இறங்கிச் சின்னக் கையுறை இரண்டு ஜோடி வாங்கிவிட்டார். திரும்பும் வழியில்தான் கன்னியம்மா வகுப்புக்குப் பிந்தி வந்தது நினைவுக்கு வந்தது. ஆடியிலிருந்து தை வரை அவளுக்குப் பறிபோன வகுப்பை எந்தக் கடையில் போய் வாங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.